சட்டம், இறையியல் ஆய்வேடு எழுதுகிறவர்களுக்குச் சனிக்கிழமை எழுத்துத் துணை: மதுரையில் தொடங்கலாமா?

மெய்ப்பு_அரசரடி | செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். அரசரடிப் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், மெய்ப்பு, பைண்டிங் மூன்றும் உண்டு. பத்தொன்பது வருடமாக என் கடை பெஞ்சில் இரண்டு வகை மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். சட்ட முதுகலையான எல்.எல்.எம். முடிக்கப்போகிற பிள்ளைகள் ஒரு பக்கம், இறையியல் முதுகலையான எம்.டிஎச். ஆய்வேடு கொடுக்க வேண்டிய மாணவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு பேரும் வந்ததும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, இங்கிலீஷ் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க." நானும் வருடக்கணக்காகப் பார்த்துக் கொடுத்தேன். ஒருமை பன்மை சரிசெய்தேன், காலம் சரிசெய்தேன், எழுத்துப் பிழை எடுத்தேன். அதே பிரதி கைடிடம் போய்த் திரும்பி வரும்போது ஓரத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும். "உன் வாதம் எங்கே?" "இதைச் சொல்வது யார்?" "இது இங்கே எதற்கு?" நான் ராத்திரி உட்கார்ந்து திருத்தியதற்கும் அந்தக் கேள்விகளுக்கும் சம்பந்தமே இருக்காது.

போன மாதம் ஒரு காரியம் செய்து பார்த்தேன். ஒரு சட்ட மாணவரின் 34 பக்க அத்தியாயத்தை எடுத்து, அவரே சொந்தமாகச் சொன்ன வாக்கியங்களுக்கு மட்டும் பென்சிலில் கோடு போட்டேன். மொத்தம் ஒன்பது வாக்கியம். மீதி எல்லாம் தீர்ப்புகளிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் எடுத்தவை. மறுநாள் ஒரு இறையியல் மாணவியின் அத்தியாயத்திலும் அதையே செய்தேன். அங்கே தலைகீழ். கிட்டத்தட்ட எல்லாமே அவருடைய வாக்கியம். ஆனால் "கடவுள் நம்மிடம் எதிர்பார்ப்பது", "இப்பகுதி நமக்குக் கற்றுத்தருவது" என்று எல்லா வாக்கியமும் தீர்ப்பு மாதிரி வந்து நிற்கிறது. யார் அப்படி வாசித்தார்கள், எதை வைத்து, மறுக்கிறவர் உண்டா, எதுவும் இல்லை.

ஒருவர் மற்றவர்களின் குரலுக்குப் பின்னால் நிற்கிறார். இன்னொருவர் கடவுளின் குரலையே எடுத்துக்கொள்கிறார். இரண்டிலும் ஆய்வு செய்கிற ஆள் காணவில்லை. இதற்கு இங்கிலீஷ் திருத்தி என்ன பிரயோசனம்?

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் கடையை இரண்டு மணி நேரம் இதற்காக ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். காசு கிடையாது. ஆனால் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. நான் பி.ஏ. வரலாறு. சட்டமும் தெரியாது, இறையியலும் தெரியாது. இந்த இரண்டு துறையிலும் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை_வக்கீல் | செவ்வாய், இரவு 10:25

நல்ல காரியம் அக்கா. உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்த நாளிலிருந்து இங்கே பிராக்டிஸ் செய்கிறேன். என்னிடம் ஜூனியராக வந்த பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் எல்.எல்.எம். செய்தவர்கள். நீங்கள் சொன்ன ஒன்பது வாக்கியக் கணக்கு எனக்கு ஆச்சரியம் இல்லை.

காரணம் சொல்கிறேன். சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் நாங்கள் பழகுவது, ஆதாரம் இல்லாமல் வாய் திறக்காதே என்பதுதான். நீதிபதி கேட்டால் எந்தத் தீர்ப்பு, எந்தப் பக்கம் என்று சைட்டேஷன் சொல்ல வேண்டும். "எனக்குத் தோன்றுகிறது" என்று ஒரு வக்கீல் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. அப்படி வளர்ந்த பிள்ளை ஆய்வேட்டில் திடீரென்று "நான் சொல்வது இது" என்று எழுத வேண்டும் என்றால் கை நடுங்கும்.

இன்னொன்று, மனு எழுதிப் பழகிய கை. மனுவில் முடிவு முதலிலேயே தெரியும், கட்சிக்காரர் யார் என்று தெரியும், அதற்கு ஏற்ற தீர்ப்பைத் தேடுவோம், எதிரான தீர்ப்பை வேறுபடுத்திக் காட்டுவோம். ஆய்வேட்டில் கட்சிக்காரர் இல்லை. எதிரான தீர்ப்பு வலுவாக இருந்தால் நம் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசத்தை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்வதில்லை.

மூன்றாவது, ஹெட்நோட். தீர்ப்புக்கு மேலே இருக்கும் சுருக்கத்தை நீதிபதி எழுதுவதில்லை, சட்ட இதழின் பதிப்பாளர்கள் எழுதுவது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றிய கேசவானந்த பாரதி 1973 தீர்ப்பு, 13 நீதிபதிகள், 7க்கு 6, எழுநூறு பக்கத்துக்கு மேல். அதை முழுக்கப் படிக்க முடியாமல் ஹெட்நோட்டை எடுத்து "நீதிமன்றம் கூறியது" என்று போடுகிறார்கள். எந்த நீதிபதி கூறினார், அது பெரும்பான்மையா, முடிவுக்கு அடிப்படையான ரேஷியோவா, போகிறபோக்கில் சொன்ன ஒபிட்டரா, ஒன்றும் இருக்காது. உங்கள் சனிக்கிழமையில் இந்த ஒன்றைப் பிடித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷை விட்டுவிடாதீர்கள். அரசியலமைப்பின் 348-வது உறுப்புப்படி உயர் நீதிமன்ற மொழி இன்னும் ஆங்கிலம்தான். தமிழுக்காக 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. பிள்ளைகள் பிழைக்க வேண்டும்.

உசிலை_போதகர் | புதன், காலை 6:15

அக்கா சொன்ன இரண்டாவது ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாணவி நான் இல்லை, ஆனால் நோய் அதே நோய்.

உசிலம்பட்டிப் பக்கம் சபை ஊழியம் பார்த்துக்கொண்டே எம்.டிஎச். செய்கிறேன். புதிய ஏற்பாடு. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் பிரசங்கம். பிரசங்கத்தில் ஒரு கருத்தை மூன்று முறை சொல்வோம், முதலில் வசனமாக, பிறகு கதையாக, பிறகு வேண்டுகோளாக. கேட்கிறவர்கள் வயலிலிருந்து களைத்து வந்தவர்கள், அவர்களுக்கு அது தேவை. அதே பழக்கத்தில் ஆய்வேடு எழுதினால் கைடு "ஏற்கெனவே சொன்னீர்கள்" என்று மூன்று இடத்தில் எழுதுகிறார். எனக்குச் சொன்னது மாதிரியே தெரியவில்லை, அழுத்தியதாகத்தான் தெரிந்தது.

என் பகுதி லூக்கா 16:1-8, அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமை. எங்கள் ஊரில் கந்து வட்டியில் மாட்டிய குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எடுத்தேன். வேலை போகப்போகிற அவன், எஜமானிடம் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று எழுதச் சொல்கிறான், நூறு கலம் கோதுமையை எண்பது என்று எழுதச் சொல்கிறான். எஜமான் அவனைப் புகழ்கிறார். ஏன் புகழ்ந்தார் என்பதுதான் கேள்வி. நான் முதல் அத்தியாயத்திலேயே பதிலைச் சொல்லிவிட்டேன். கைடு கேட்டார், "பதில் தெரிந்தால் ஆய்வு எதற்கு ஐயா?" இரண்டு வாரம் எழுதவே முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் சொல்கிறேன். நான் தமிழில் எழுதுகிறேன். ஒரு பத்தியில் "தேவன்" என்கிறேன், அடுத்ததில் "கடவுள்". "கர்த்தர்" வருகிறது, "ஆண்டவர்" வருகிறது. "உக்கிராணக்காரன்" என்று பழைய மொழிபெயர்ப்பில் இருப்பது 1995 பொது மொழிபெயர்ப்பில் "வீட்டுப் பொறுப்பாளர்". இரண்டும் ஒரே ஆள்தான் என்று வாசிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? எதை வைத்துக்கொள்வது?

நேரம் இன்னொரு பிரச்சினை. போன வாரம் இரண்டு அடக்கம், ஒரு கல்யாணம். எழுத உட்கார்ந்தால் போன் வருகிறது. சனிக்கிழமை என்றால் நான் வருகிறேன்.

பசுமலைக்காரர் | புதன், காலை 10:50

தம்பி, உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். நான் இறையியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

ஒரு மொழிபெயர்ப்பைத் தேர்ந்தெடுங்கள், முன்னுரையில் காரணம் எழுதுங்கள், அடுத்ததை ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் அடிக்குறிப்பில் கொண்டு வாருங்கள். ஆனால் அந்தக் குழப்பத்தை வெறும் குழப்பமாகப் பார்க்காதீர்கள். 1606-இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்து உட்கார்ந்து தமிழ் கற்று இறையியலை உரைநடையில் எழுதினாரே, அவர் கடவுளுக்கு வைத்துக்கொண்ட சொல் சர்வேசுரன். அவருக்குப் பின் வந்த புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பாளர்கள் பராபரன் என்றார்கள். பின்னால் தேவன். இப்போது கடவுள். ஒவ்வொரு சொல்லும் ஒரு வாதம். உக்கிராணக்காரன் என்றால் உக்கிராண அறைக்குச் சாவி வைத்திருப்பவன், தானியம் அளப்பவன். வீட்டுப் பொறுப்பாளர் என்றால் நிர்வாகி. கிரேக்கத்தில் ஒய்க்கொனோமொஸ். உங்கள் உவமையில் கடன் சீட்டுகளை மாற்றி எழுதும் அதிகாரம் அவனுக்கு இருந்ததா என்பதுதானே மையம்? அப்படியானால் எந்தச் சொல்லைத் தேர்கிறீர்கள் என்பதே ஒரு பக்கம் எழுத வேண்டிய விஷயம். நீங்கள் தடுக்கி விழுந்த இடத்தில்தான் உங்கள் ஆய்வு இருக்கிறது.

ஒரு பெயரும் தருகிறேன், நீங்கள் பார்த்திருக்கலாம். டங்கன் டெரட் என்று ஒரு அறிஞர். லண்டனில் கீழைநாட்டுச் சட்டங்களின் பேராசிரியர், இந்து சட்டத்தில் பெரிய ஆள். அவர்தான் 1961-இல் இந்த உவமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அந்த ஆள் தள்ளுபடி செய்தது அசலை இல்லை, யூதச் சட்டம் தடுத்த வட்டியைத்தான் என்று வாதாடினார். அதை ஏற்காத வேதாகம அறிஞர்களும் உண்டு. கந்து வட்டி பார்த்து வந்த உங்களுக்கு டெரட் பிடிக்கும். பிடிக்கும் என்பதாலேயே அவரை மறுத்தவர்களை முதலில் படியுங்கள்.

அக்கா, உங்களுக்கு. பிரதியைத் திருத்தாதீர்கள். முப்பது வருடம் சிவப்பு மையில் திருத்தியவன் சொல்கிறேன். சிவப்பைப் பார்த்ததும் பிள்ளை அதை மட்டும் மாற்றிக்கொண்டு வருவான், யோசிக்க மாட்டான். மாணவனையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்தி வாசித்ததும் பேப்பரைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, "இப்போ என்ன சொன்னே, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். அவன் வாயால் சொல்வதற்கும் பேப்பரில் இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அவனுக்கே தெரிந்துவிடும். இதற்கு நீங்கள் சட்டமும் படிக்க வேண்டாம், இறையியலும் படிக்க வேண்டாம்.

வைகைத்தென்கரை | புதன், மாலை 5:05

வணக்கம். எல்.எல்.எம். இரண்டாம் வருடம். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான், இதில் எதையும் வீட்டில் கேட்க வழி இல்லை. என் ஆய்வு ஜல்லிக்கட்டு வழக்குகள் பற்றி. பசுமலை ஐயா சொன்ன மாதிரி தமிழில் எழுதிப் பார்த்தேன். ஒரு பத்தி போடுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

"ஜல்லிக்கட்டு தமிழர்களின் வீர விளையாட்டு. சங்க காலம் முதலே ஏறு தழுவுதல் என்ற பெயரில் இருந்து வருகிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை விதித்தது வருந்தத்தக்கது. 2023-இல் அரசியல் சாசன அமர்வு தடையை நீக்கி, ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாடு என்று தீர்ப்பளித்தது. எனவே விலங்குகளுக்கு எந்த உரிமையும் இல்லை என்பது தெளிவாகிறது."

ஒத்தக்கடை_வக்கீல் | புதன், மாலை 6:30

தங்கச்சி, பயப்படாமல் போட்டதற்கே பாராட்டு. அவனியாபுரத்திலும் அலங்காநல்லூரிலும் வளர்ந்தவர்களுக்கு இதில் உணர்ச்சி இல்லாமல் எழுதுவது கஷ்டம், எனக்கும் கஷ்டம்தான். சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

2023 மே 18 தீர்ப்பு "தடையை நீக்கவில்லை". தடை, விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு 2017-இல் மாநிலம் கொண்டு வந்த திருத்தச் சட்டத்தோடு போய்விட்டது. அந்தத் திருத்தச் சட்டம் செல்லுமா என்பதுதான் ஐந்து நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வி. செல்லும் என்றார்கள். பண்பாடு என்று அவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அது பண்பாட்டின் பகுதி என்று சட்டமன்றம் கருதியிருக்கிறது, அந்தக் கேள்விக்குள் நீதிமன்றம் இறங்குவது சரியில்லை என்ற திசையில் போனார்கள். தடை விதித்த 2014 மே 7 நாகராஜா தீர்ப்பு அப்படி ஒதுங்கவில்லை, உள்ளே இறங்கி, இது பண்பாடு இல்லை என்ற பக்கம் நின்றது. உங்கள் ஆய்வுக்குத் தங்கச் சுரங்கமே இந்த வித்தியாசம்தான், அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

கடைசி வாக்கியம் ஆபத்து. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்தீர்ப்பு இல்லை என்றார்கள். "எந்த உரிமையும் இல்லை" என்பது அதுவல்ல. விலங்குவதையைத் தடுக்கும் அந்த 1960 மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

திருமங்கலம்_தமிழாசிரியர் | புதன், இரவு 8:10

நான் இந்த இரண்டு துறைக்கும் வெளியே இருக்கிறவன். மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். ஆனால் இழையைப் படிக்கப் படிக்க ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

இப்போது நீங்கள் எல்லாரும் தேடுகிற பாடம் நன்னூல் பாயிரத்தில் இருக்கிறது. பத்துக் குற்றம் எல்லாருக்கும் பள்ளியிலிருந்தே தெரியும், குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல். போதகர் ஐயாவுக்குக் கைடு மூன்று இடத்தில் எழுதியது கூறியது கூறல். ஆனால் அதற்கு முன்னால் "எழுவகை மதம்" என்று ஒரு நூற்பா இருக்கிறதே, அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். மதம் என்றால் இங்கே நூலாசிரியன் எடுக்கும் நிலை. பிறர் கருத்தோடு அவன் எப்படி உறவு வைக்கிறான் என்பது. உடன்படல். மறுத்தல். பிறர் மதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல். தானே ஒன்றை நாட்டி அதை நிறுத்துதல். இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிதல். பிறர் நூலின் குற்றம் காட்டல். பிறர் மதத்தோடு சேராமல் தன் மதத்தையே கொள்ளுதல்.

மெய்ப்பு அக்கா பென்சிலில் கோடு போட்டீர்களே, அதை இப்படிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு மேற்கோளுக்குப் பக்கத்திலும், இந்த மாணவர் இந்த ஏழில் எதைச் செய்கிறார் என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். எதுவும் எழுத முடியவில்லை என்றால் அந்த மேற்கோள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிடலாம். 34 பக்கம் பதினைந்தாகிவிடும், ஒன்பது வாக்கியம் நாற்பதாகும்.

தங்கச்சியின் பத்திக்கு வருகிறேன். 2014 தீர்ப்பு "வருந்தத்தக்கது" என்கிறார். இது மறுத்தல் போலத் தெரிகிறது, ஆனால் மறுத்தல் ஆகாது. மறுக்க வேண்டுமென்றால் அது சொன்ன காரணத்தை எடுத்துக் காட்டி, ஏன் நிற்காது என்று சொல்ல வேண்டும். வக்கீல் ஐயா காட்டிய இரண்டு தீர்ப்புகளின் வித்தியாசம் இருக்கிறதே, அது அப்படியே "இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு". அந்த அத்தியாயத்துக்கு அதுதான் வடிவம் என்று எனக்குப் படுகிறது.

நம் உரையாசிரியர்கள் எழுதியதைப் பாருங்கள். எதிராளி என்ன கேட்பான் என்று தாங்களே கேள்வி எழுப்பி, "என்னை? எனின்" என்று நிறுத்தி, பதில் சொல்லிக்கொண்டு போவார்கள். எண்ணூறு வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் இந்தப் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது வெளியிலிருந்து வந்த ஏதோ கஷ்டமான வித்தை என்று ஏன் தோன்ற வேண்டும்? எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நத்தம்சாலை_வாசகி | புதன், இரவு 11:20

தமிழாசிரியர் ஐயா எழுதியதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். சட்டத்தில் பிஎச்.டி. செய்கிறேன், பெரும்பாலும் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான் இருப்பேன்.

யாரும் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது, சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. காசு கொடுத்து எழுதி வாங்குவது. என் எல்.எல்.எம். காலத்தில் ஒரு இடத்தில் பேசி 18,000 ரூபாய் கொடுத்தேன். அப்போது என் அம்மாவுக்கு ஆபரேஷன், கெடு பத்து நாள் இருந்தது. வந்த பிரதியைப் பார்த்தால் பாதி வேறு யாருடைய ஆய்வேடோ. வார்த்தைகளை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். கொடுக்கவில்லை. ஆறு மாதம் தள்ளிப் போட்டு நானே எழுதினேன். பணம் திரும்பி வரவில்லை.

அந்த நிலைக்கு ஏன் போனேன் என்று யோசித்தால், சோம்பேறித்தனம் இல்லை. யாரிடமும் போய் "முதல் பக்கத்தை எப்படித் தொடங்குவது" என்று கேட்க வெட்கம். இவ்வளவு படித்துவிட்டு இதைக் கேட்பதா என்று. சனிக்கிழமை மாதிரி ஒரு இடம் இருந்திருந்தால் போயிருப்பேன்.

இளையவர்களுக்கு ஒரு விவரம், பயத்தைக் குறைக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். 40-லிருந்து 60 என்றால் ஒரு வருடம் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாக மேற்கோள் காட்டி, எங்கிருந்து என்று சொன்ன பகுதி அந்தக் கணக்கில் வராது. பயந்துபோய் மேற்கோள் குறியை எடுத்துவிட்டுச் சொற்களை மாற்றுகிறார்கள், அதுதான் மாட்டிவிடுகிறது. குறி போட்டு, பெயர் சொன்னால் எந்தப் பயமும் இல்லை.

மெய்ப்பு_அரசரடி | வியாழன், காலை 7:30

தங்கச்சி, இதை இங்கே எழுத எவ்வளவு மனசு வேண்டும் என்று தெரியும். என் கடைக்கும் அப்படிக் கேட்டு வருகிறார்கள். "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க அக்கா, காசு பத்தி யோசிக்காதீங்க." முடியாது என்று அனுப்பிவிடுவேன். இனிமேல் வெறும் முடியாது சொல்லி அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை வா என்று சொல்வேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு. ஒரு பையன் கொண்டு வந்த அத்தியாயத்தில் அடிக்குறிப்பு எல்லாம் அழகாக இருந்தது. ஒன்றைத் தேடிப் பார்த்தால் அப்படி ஒரு வழக்கே இல்லை. வக்கீல் அண்ணே, இதற்கு என்ன செய்வது?

ஒத்தக்கடை_வக்கீல் | வியாழன், காலை 8:55

அமெரிக்காவில் நியூயார்க்கில் 2023-லேயே நடந்துவிட்டது. ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த இல்லாத தீர்ப்புகளை வக்கீல்கள் தாக்கல் செய்துவிட்டார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். பிள்ளைகளிடம் ஒரே விதி சொல்லுங்கள். நீ கையால் பக்கத்தைத் திறந்து படிக்காத தீர்ப்பு அடிக்குறிப்பில் வரக்கூடாது. சனிக்கிழமை அன்று ஏதாவது ஒரு அடிக்குறிப்பைக் கண்ணை மூடித் தொட்டு, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

மேலூர்_தம்பி | வியாழன், மதியம் 1:15

அமெரிக்காவில் சட்டம் படிக்கிறேன். இங்கே பார் அசோசியேஷன் விதியிலேயே, முதல் வருடம் ஒரு எழுத்துப் பயிற்சியும் அதற்குப் பிறகு குறைந்தது இன்னொன்றும் ஆசிரியர் மேற்பார்வையில் செய்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது. அது தவிர எழுத்து மையம் என்று தனியாக உண்டு. முதல் தடவை போனபோது பேப்பரை நீட்டிவிட்டு, திருத்திக் கொடுப்பார்கள் என்று காத்திருந்தேன். அந்த அம்மா பேனாவைக்கூட எடுக்கவில்லை. "இதை வாசிக்கப் போகிறவர் யார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?" என்று கேட்டார். நாற்பது நிமிடம் கேள்வி மட்டும்தான். வெளியே வரும்போது கோபம். ராத்திரி உட்கார்ந்து எழுதியபோதுதான் புரிந்தது. பசுமலை ஐயா சொன்னதும் அதேதான். நேரத்தை மட்டும் கறாராக வையுங்கள், ஒரு ஆளுக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வைகைத்தென்கரை | வியாழன், இரவு 9:45

திரும்ப எழுதினேன். நாகராஜா தீர்ப்பை முழுக்கப் படித்தேன், 2023 தீர்ப்பில் பாதி. பக்கத்தில் எந்த மதம் என்று எழுதிப் பார்த்தேன்.

"ஜல்லிக்கட்டு தமிழ்ப் பண்பாட்டின் பகுதியா என்ற கேள்விக்கு 2014 அமர்வு தானே பதில் சொல்ல முற்பட்டு, இல்லை என்றது. 2023 அமர்வு அந்தப் பதிலைத் திருப்பிப் போடவில்லை, சட்டமன்றம் எடுத்த முடிவுக்கு அதை விட்டது. 2017-க்குப் பிந்தைய விதிகள் காளைகளின் துன்பத்தைக் கணிசமாகக் குறைத்துள்ளன என்று அந்த அமர்வு கருதியதை இந்த ஆய்வு ஏற்கிறது. ஆனால் பண்பாடு பற்றிய கேள்வியைச் சட்டமன்றத்துக்கு விட்டதால், சட்டமன்றத்தின் கூற்று எந்த ஆதாரத்தால் சோதிக்கப்பட வேண்டும் என்பது பதிலின்றி நிற்கிறது. இந்த அத்தியாயம் அதை எடுத்துக்கொள்கிறது."

முன்னால் எழுதியது எனக்குப் பிடித்த முடிவு. இது எனக்கே எங்கே போகும் என்று தெரியவில்லை. தப்பா?

திருமங்கலம்_தமிழாசிரியர் | வியாழன், இரவு 10:05

தப்பே இல்லை அம்மா. நான்கு வாக்கியத்தில் உடன்படல் இருக்கிறது, பிறர் மதம் மேற்கொண்டு களைதல் இருக்கிறது, ஐந்தாவதில் நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஒத்தக்கடை_வக்கீல் | வெள்ளி, காலை 7:10

இங்கிலீஷை விடாதீர்கள் என்று முதலில் எழுதினேன். அதை இப்போதும் சொல்கிறேன், ஆனால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். இந்தப் பத்தியை ஆங்கிலத்தில் கொண்டுபோக அரை மணி நேரம் போதும். முதல் பத்தியை எவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் போட்டாலும் தேறாது.

ராத்திரி இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போதகர் ஐயா, கந்து வட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டு வந்தது, அதிக வட்டி வசூல் தடைச் சட்டம். அதன் ஆங்கில மூலத்தைத் திறந்து பாருங்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் சந்தைச் சொற்களையே அப்படியே எழுதி வரையறை கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லை. உங்கள் உவமைக்கு இது உதவுமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உசிலை_போதகர் | வெள்ளி, காலை 7:40

கொண்டு வாருங்கள் அண்ணே, கட்டாயம். டெரட் கட்டுரையை ஒரு நண்பர் மூலமாக வாங்கிவிட்டேன். மறுத்தவர்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டேன், பதில் இருந்த பக்கம். அந்த இடத்தில் இப்போதைக்கு எண்பதும் ஐம்பதும் ஏன் வேறு வேறு விகிதம் என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. எண்ணெய்க்கு ஒரு வட்டி, கோதுமைக்கு ஒரு வட்டியா? எங்கள் ஊரில் நெல்லுக்கும் பணத்துக்கும் ஒரே வட்டி கிடையாது, அதை எப்படி ஆதாரமாக எழுதுவது என்று கேட்க வேண்டும்.

மெய்ப்பு_அரசரடி | வெள்ளி, காலை 9:20

சரி, அப்போ நாளையிலிருந்தே. சாயங்காலம் 4 மணி. முதல் நாள் மூன்று பேர் போதும்: தென்கரைத் தங்கச்சி, போதகர் ஐயா, என் கடையில் ஒன்பது வாக்கியம் எழுதிய அந்தத் தம்பி. அவரிடம் நேற்றுப் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். ஆளுக்கு மூன்று பக்கம் போதும், பிரதி நான் எடுத்து வைக்கிறேன். பசுமலை ஐயாவுக்குப் படி ஏறுவது சிரமம் என்றால் சொல்லுங்கள், பெஞ்சைக் கீழே போட்டுவிடலாம். நத்தம் சாலைத் தங்கச்சி, நீங்களும் வாருங்கள், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார உங்களை மாதிரி ஒருவர் வேண்டும்.

சிவப்பு பேனா எதையும் வெளியே வைக்கவில்லை. பென்சில் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.

நத்தம்சாலை_வாசகி | வெள்ளி, காலை 9:50

வருகிறேன் அக்கா. மூன்றரைக்கே வந்துவிடுகிறேன்.